கேட்டவர் குற்றவாளியா?

படித்த நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார்: "ஆராய்ச்சிக்காரன் ஜனங்களைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தால் அது ஆராய்ச்சியல்ல ஐயா, அரசியல்!" பேச்சு, மைக்கேல் பிளேக்கி என்ற அமெரிக்க மானிடவியல் பேராசிரியரைப் பற்றியது.

நடந்ததைச் சொல்கிறேன். 1991-இல் நியூயார்க்கில், மன்ஹாட்டனின் தென்பகுதியில், அமெரிக்க சர்க்கார் ஒரு பெரிய காரியாலயம் கட்ட முனைந்தது. மண்ணுக்குள்ளே மனித எலும்புகள்! பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க அடிமைகளைப் புதைத்த மயானம் அது. பழைய நகரப் படங்களில் அந்த இடம் குறிக்கப்பட்டே இருந்தது. மேலே கட்டடங்கள் ஏறிவிட்டதால் எல்லாம் அழிந்திருக்கும் என்பது சர்க்காரின் கணக்கு. எலும்புகளை அவசர அவசரமாக எடுத்தார்கள். கறுப்பு மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1992-இல்தான் தோண்டுவது நின்றது.

எடுத்த 419 பேருடைய எலும்புகளும் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் சர்வகலாசாலைக்கு, பிளேக்கியின் பொறுப்பில் வந்தன. இறந்தவர்களின் வழிவந்தவர்களுக்கே முடிவு சொல்லும் உரிமை உண்டு என்று அவர் வாதித்தார். அவர்களோடு பேசியே கேள்விகளை வகுத்தார். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எப்படி வாழ்ந்தார்கள்? எப்படி மாறினார்கள்? எப்படி எதிர்த்து நின்றார்கள்? மண்டையோட்டை அளந்து 'இன்ன இனம்' என்று சீட்டு ஒட்டும் பழைய வித்தையை ஒதுக்கித் தள்ளினார்.

இதனால் விஞ்ஞானம் கெட்டுப்போயிற்றா? தசை பற்றியிருந்த இடங்களில் எலும்பு புடைத்தும் பிய்ந்தும் கிடந்தது. சுமந்து சுமந்து நொந்த உடம்புகள். பிள்ளைப் பருவத்துப் பட்டினியும் நோயும் பற்களில் கோடு கோடாகப் பதிந்திருந்தன. ஆப்பிரிக்க வழக்கப்படி அராவிய பற்கள் சிலருக்கு. இடுப்பில் மணிமாலையோடு ஒருத்தி. வயது கணிக்க முடிந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்குக் குறையாமல் குழந்தைகள்! அடிமைத்தனம் தெற்கத்தித் தோட்டங்களின் பாவம் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கிலும் அது 1827 வரை சட்டப்படியே நடந்தது என்பதை அந்த எலும்புகள் நினைவூட்டின.

2003-இல், கானா நாட்டில் கையால் செதுக்கிய பெட்டிகளில் வைத்து, 419 பேரையும் அதே மண்ணில் மறுபடி அடக்கம் செய்தார்கள். 2006-இல் அந்த இடம் தேசிய நினைவிடமாயிற்று. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர் இதற்காக உழைத்திருக்கிறார்.

யாரையும் கேட்காமல் தோண்டினார்களே, அதை என் நண்பர் அரசியல் என்று சொல்லவில்லை. கேட்டுச் செய்தவரைத்தான் சொல்கிறார். இதற்குப் பெயர் நடுநிலைமை என்றால், அந்த மண் தோண்டும் யந்திரமும் நடுநிலைமை வகித்ததுதான்!