சுவருக்குப் பின்னால் வீண் வேலை: கேம் ஆடினால் போன் கொதிப்பது ஏன்?

கேமில் ஒரு சின்ன அறை. நான்கு பக்கமும் சுவர், நடுவில் ஒரு மேசை. திரையில் வேறு எதுவும் இல்லை. ஆனாலும் போன் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. படம் திக்கித் திக்கி நகர்கிறது. ‘போன் பழசாயிடுச்சு, மாத்திட வேண்டியதுதான்’ என்று பலரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

சரியாகத் தயாரிக்கப்படாத கேம் என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெரு, மரம், கார், காருக்குள் இருக்கும் ஸ்டியரிங் வரை போன் வரைந்துகொண்டிருக்கும். வரைந்து முடித்த பிறகு அதன் மேலேயே சுவரை வரைந்து மூடிவிடும். நொடிக்கு 30 முறையோ 60 முறையோ இதே கூத்து. கண்ணுக்கே தெரியாத காருக்காக பேட்டரி கரைகிறது.

சுவர் மறைக்கும் என்பது போனுக்குத் தெரியாதா? தெரியாது. படம் வரையும் சிப்பான ஜிபியுவுக்கு சுவர், கார் என்ற பேச்சே கிடையாது. அதன் கைக்கு வருவதெல்லாம் முக்கோணங்கள்தான், அதுவும் லட்சக்கணக்கில். வரிசையில் வருவதை வந்தபடி வரையும், அவ்வளவுதான். எது முன்னால், எது பின்னால் என்ற குழப்பத்தைத் தீர்க்க ஒரு எளிய வழியை 1974-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டில் எழுதினார் எட் கேட்மல். பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும், அங்கே வரையப்பட்ட பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். புதிதாக வரும் பொருள் அதைவிடப் பக்கத்தில் இருந்தால் வரையலாம். தள்ளி இருந்தால் விட்டுவிடலாம். இசட்-பஃபர் எனப்படும் இந்த முறை இன்று எல்லா போன்களின் ஜிபியுவிலும் இருக்கிறது.

ஆனால், இசட்-பஃபர் தருவது சரியான படத்தைத்தான். வேலையை அது பெரிதாகக் குறைப்பதில்லை. காரை நினைவகத்திலிருந்து எடுத்து, அதன் முக்கோணங்களைத் திரையில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, கடைசி நிமிஷத்தில்தான் ‘இது தேவையில்லை’ என்று அது சொல்லும். கார் முதலிலும் சுவர் பிறகும் வந்தால் இன்னும் மோசம். காருக்கு நிறம், வெளிச்சம், பளபளப்பு எல்லாம் போட்டு முடித்த பிறகு அத்தனையும் சுவருக்கு அடியில் போய்விடும். இதற்கு ஓவர்டிரா என்று பெயர்.

கணக்கைப் பார்த்தால் இதன் கனம் புரியும். 1920க்கு 1080 என்ற திரையில் 20,73,600 பிக்சல்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால், ஒவ்வொரு பிக்சலையும் ஒரே ஒரு முறை வரைந்தாலே நொடிக்கு 12.4 கோடி முறை நிறத்தைக் கணக்கிட வேண்டும். சராசரியாக நான்கு முறை மேலே மேலே வரைந்தால் அது 50 கோடியை நெருங்கும். ஒரு ஃப்ரேமை முடிக்கக் கிடைக்கும் நேரமோ 16.7 மில்லி செகண்ட். திக்கல் இங்கேதான் பிறக்கிறது.

யாருடைய நேரம்?

ஆக, மறைந்திருக்கும் பொருளை ஜிபியுவுக்கு அனுப்பாமலே இருப்பதுதான் உண்மையான சிக்கனம். கேமராவின் பார்வைக்கு வெளியே, முதுகுக்குப் பின்னால் இருப்பதை நீக்குவது சுலபம். கிட்டத்தட்ட எல்லா கேம்களும் அதைச் செய்துவிடுகின்றன. பார்வைக்கு உள்ளேயே இருந்துகொண்டு இன்னொன்றால் மறைக்கப்படுவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆக்லூஷன் கல்லிங் என்று துறையில் சொல்வது இதைத்தான்.

இதற்கு ஒரு அழகான விடை கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிடைத்தது. அங்கே பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்படவிருந்த சோடா ஹால் என்ற கட்டடத்தை, கட்டும் முன்பே கம்ப்யூட்டரில் நடந்து பார்க்க வேண்டும் என்று ஒரு குழு முயன்றது. கட்டடம் முழுவதையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரைவது அன்றைய கம்ப்யூட்டர்களால் ஆகாத காரியம். 1991-ல் செத் டெல்லரும் கார்லோ சேக்கினும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். கட்டடத்தை அறை அறையாகப் பிரிப்பது. இந்த அறையில் எந்த மூலையில் நின்றாலும், வாசல் வழியாக எந்தெந்த அறைகள் தெரிய வாய்ப்பு உண்டு என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பட்டியல் போட்டுவிடுவது. பிறகு நடந்து பார்க்கும்போது கணக்கே வேண்டாம், பட்டியலைப் பார்த்தால் போதும்.

இதே வழியை 1996-ல் வெளியான குவேக் கேமில் ஜான் கார்மாக்கும் மைக்கேல் அப்ராஷும் பயன்படுத்தினார்கள். 3டி கார்டு இல்லாத பென்டியம் கம்ப்யூட்டரில் முழு 3டி உலகம் ஓடியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பட்டியல் தயாராக நேரம் ஆகும். ஒரு கட்டத்தை வடிவமைத்தவர் கணக்கு முடியும் வரை காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பு அலுவலகத்தில் ஒரு முறை நடந்தது. ஆடுபவரின் வீட்டில் ஒவ்வொரு நொடியும் மிச்சமானது.

கவனிக்க வேண்டியது இந்தக் கைமாற்றத்தைத்தான். வேலை எங்கோ ஓர் இடத்தில் நடந்தே ஆக வேண்டும். தயாரிப்பவர் செய்யாமல் விட்டால் அது வாங்கியவரின் கையில் சூடாக வந்து இறங்கும்.

முன்கூட்டிப் பட்டியல் போடுவதற்கும் எல்லை உண்டு. சுவர் நகரக் கூடாது, கட்டடம் இடியக் கூடாது. மதிலை வெடிவைத்துத் தகர்க்கும் கேமில் அது செல்லாது. அங்கே ஓடும்போதே கண்டுபிடிக்க வேண்டும். பெரிய சுவர்களை மட்டும் குறைந்த பிக்சலில் அவசரமாக வரைந்து, காரைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி போட்டு, அந்தப் பெட்டி முழுவதும் மறைகிறதா என்று பார்ப்பார்கள். மறைந்தால் கார் கிடையாது. சந்தேகம் இருந்தால் வரைந்துவிடுவார்கள். தேவையில்லாத காரை வரைந்தால் கொஞ்சம் வேகம்தான் போகும். தெரிய வேண்டிய காரை விட்டுவிட்டால் படமே பொய்யாகிவிடும். சில கேம்களில் சட்டென்று திரும்பினால் மரமோ வீடோ அரை நொடி கழித்துத் தோன்றுகிறதே, அதற்கு ஒரு காரணம் ஜிபியுவின் பதில் ஓரிரு ஃப்ரேம் தாமதமாக வருவது. இதில் நிழல் வேறு தனித் தலைவலி. சுவருக்குப் பின்னால் நிற்பவர் தெரியாவிட்டாலும் அவருடைய நிழல் தெருவில் விழலாம். கண்ணாடி இருந்தால் பிம்பமும் தெரியலாம். அதனால், கேமராவின் இடத்திலிருந்து ஒரு முறை, விளக்கின் இடத்திலிருந்து இன்னொரு முறை என்று சோதிக்க வேண்டியிருக்கிறது.

‘இப்போதுதான் சிப் வேகமாகிவிட்டதே, இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கலாம். ஐபோன் உட்படப் பல போன்களின் ஜிபியு திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மறைபவற்றுக்கு நிறம் போடும் வேலையைத் தானே தவிர்க்கப் பார்க்கிறது. பெரிய உதவிதான். ஆனால், முக்கோணங்களைக் கையாளும் வேலை அப்படியே இருக்கும். புகை, கண்ணாடி போல ஊடுருவித் தெரிபவை வந்தால் அந்தச் சாமர்த்தியமும் எடுபடாது.

வேகமான சிப் இருக்கிறது என்ற தைரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 நல்ல உதாரணம். பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் தயாரித்து 2023 அக்டோபரில் வெளியான நகரம் கட்டும் கேம் அது. குறிவைத்த வேகத்தை எட்டவில்லை என்று வெளியீட்டுக்கு முன்பே நிறுவனம் சொல்லிவிட்டது. வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்தபோது, வானத்திலிருந்து எறும்பு போலத் தெரியும் மனிதர்களின் மூடிய வாய்க்குள் பல் வரிசை வரை முழு வடிவமும் இருந்தது. தூரத்தில் தெரியும்போது பயன்படுத்த வேண்டிய எளிய வடிவங்கள் அந்தப் பாத்திரங்களுக்கு இல்லை என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களே திணறினார்கள்.

எல்லாத் தவறையும் தயாரிப்பாளர் தலையில் கட்டிவிடவும் முடியாது. திறந்தவெளி மைதானத்தில் நடக்கும் சின்ன கேமுக்கு இந்தச் சோதனையே கூடுதல் சுமை. மிச்சப்படுத்துவதைவிடச் செலவு அதிகமாகும். மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஸ்டூடியோவிடம் குவேக் காலத்து உழைப்பை எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. ஆனால் யூனிட்டி, அன்ரியல் போன்ற எஞ்சின்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. எந்தச் சுவர் நகராது என்று குறித்துக் கொடுத்து, சாதாரண போனில் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பெரிய நிறுவனம் அதையும் செய்யாமல், ‘பரிந்துரைக்கப்படும் போன்’ பட்டியலை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் அது சோம்பேறித்தனம்தான். 12,000 ரூபாய் போன் வைத்திருப்பவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார்.

மறைப்பதில் வேகம் தவிர இன்னொரு லாபமும் உண்டு. 2020-ல் வந்த வாலரன்ட் கேமில், சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரி எங்கே இருக்கிறார் என்ற தகவலையே சர்வர் அனுப்புவதில்லை. தெரியப் போகும் தருணத்தில்தான் அனுப்பும். சுவர் வழியே பார்க்கும் ஏமாற்று மென்பொருளைப் போட்டாலும் பார்க்க அங்கே எதுவும் இருக்காது.

சாதாரண ஆப்களிலும் இதே வியாதி உண்டு. பின்னணிக்கு ஒரு வெள்ளை, அதன் மேல் ஒரு கட்டம், அதன் மேல் ஒரு படம் என்று அடுக்கடுக்காக வரைவார்கள். ஆண்ட்ராய்டு போனில் இதை நேரில் பார்க்கலாம். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘டீபக் ஜிபியு ஓவர்டிரா’ என்பதை ஆன் செய்தால் திரை நிறம் மாறும். நீலம் என்றால் ஒரு முறை கூடுதலாக வரையப்பட்ட இடம், பச்சை என்றால் இரண்டு முறை, இளஞ்சிவப்பு மூன்று முறை. நான்கு முறையோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. பொதுவாக கேம்களில் இது வேலை செய்யாது. தினமும் திறக்கும் ஷாப்பிங் ஆப்பிலோ செய்தி ஆப்பிலோ எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆஃப் செய்துவிடலாம்.