கண்ணாடி ஏரியும் ரெண்டு லோடு சுண்ணாம்பும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு ஒரு எரிச்சல்ல எழுதறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ஆன்சைட்ல ஸ்வீடனில் இருந்தப்ப எடுத்த ஒரு ஏரி போட்டோவை நண்பர்களுக்கு அனுப்பினேன். தண்ணி டிகாஷன் கலர்ல இருக்கும். கெமிக்கல் இஞ்சினியரிங் படிச்ச நண்பர் ஒருத்தர் உடனே, "என்னய்யா சாக்கடை மாதிரி இருக்கு? அங்கதான் ஏரிக்கெல்லாம் சுண்ணாம்பு போடுவாங்களே, ரெண்டு லோடு கொட்டினா கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார். ஒரே வரியில ரெண்டு தப்பு.

முதல் தப்பு, கண்ணாடி மாதிரி இருந்தா நல்ல ஏரி என்பது. பிரிட்டன், ஜெர்மனி பக்கத்து நிலக்கரிப் புகைதான் ஸ்காண்டிநேவியாவில் அமில மழையாகக் கொட்டுதுன்னு 1967இல் ஸ்வாந்தே ஓடேன் பத்திரிகையில் எழுதி ஊரைக் கூட்டினார். அந்த மழை மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைச்சு ஏரிக்குக் கொண்டுவந்தது. கலங்கின தண்ணியில நம்ம வீட்டில் படிகாரம் போடுவோமே, அதே வேலைதான். மட்கின இலையிலிருந்தும் சதுப்பு மண்ணிலிருந்தும் ஊறி வந்த கரிமப் பொருளைத் திரட்டி அடியில் இறக்கிடுச்சு. ஏரி பளிங்கு மாதிரி ஆச்சு. மீன்? செவுளில் அலுமினியம் படிஞ்சு மூச்சு முட்டி செத்துப்போச்சு. அந்தத் தெளிவு அழகில்லை சாமி, பிணக்களை.

ரெண்டாவது தப்பு, சுண்ணாம்பு தண்ணியைத் தெளிய வைக்கும் என்பது. 1982 முதல் ஸ்வீடன் அரசு செலவில் படகிலும் ஹெலிகாப்டரிலும் சுண்ணாம்புக்கல் பொடி தூவறாங்க. பிஹெச் 6க்கு மேல ஏறினா அலுமினியத்தின் விஷம் அடங்கும், மீன் பிழைக்கும். இதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனா கரிமப் பொருள் விஷயம் வேற. பிஹெச் ஏறினா ஹியூமிக் மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்று ஒண்ணையொண்ணு தள்ளும், இன்னும் நல்லா கரையும், தண்ணி பழுப்பாகும். அதே சமயம் சுண்ணாம்பிலிருக்கும் கால்சியம் சிலதைக் கோர்த்துப் பிடிச்சு கீழே இறக்கும். எது ஜெயிக்கும்கிறது அந்தந்த ஏரியைப் பொறுத்தது. 'கண்டிப்பா தெளியும்'னு அடிச்சுச் சொல்றவர் ஜல்லி அடிக்கிறார்.

இன்னொண்ணு. 1990 முதல் 2004 வரை வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் 522 ஏரி, ஓடைகளின் கணக்கைப் பார்த்த ஆய்வு 2007இல் 'நேச்சர்' இதழில் வந்தது. தண்ணியில கரிமப் பொருள் கூடினதுக்கு முக்கியக் காரணம் அமில மழை குறைஞ்சதுதான்னு சொன்னாங்க. அதாவது, நண்பர் சாக்கடைன்னு சொன்ன கலர் பல இடங்களில் ஏரி தன் பழைய நிறத்துக்குத் திரும்பறது! அந்தப் பழுப்புதான் மிச்ச அலுமினியத்தையும் கட்டிப்போட்டு மீனைக் காப்பாத்துது.

வட ஸ்வீடனில் இந்தக் கரிம அமிலத்தாலேயே இயற்கையா அமிலமா இருக்கும் ஏரிகளும் உண்டு. அதுல சுண்ணாம்பு கொட்டுறது, ஃபீச்சரை பக்னு நினைச்சு ஃபிக்ஸ் பண்ற வேலை. சதுப்பு நிலத்தில் தூவினா அங்க வாழும் பாசியே கருகிடும்.

உடனே எல்லாத்தையும் நிறுத்துன்னு சொல்லலை. மண் இன்னும் தேறாத இடத்தில் நிறுத்தினா மறுபடி அமிலம், மறுபடி மீன் சாவு. சுண்ணாம்பு என்பது தினம் சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. பக் இருக்கிறது புகைபோக்கியில். ரீஸ்டார்ட் தேவைதான், அதையே வைத்தியம்னு சொல்லாதீங்க. தண்ணி கலரைப் பார்த்து ஏரிக்கு மார்க் போடவும் போடாதீங்க.

கெமிக்கல் நண்பரே, பின்னூட்டத்தில் வாங்க, பேசிக்கலாம்.