ஊரைக் கேட்காமல் ஊரை மாற்றாதே!

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டினால் இந்து கல்லூரி, பட்டாபிராம், அடுத்தது நெமிலிச்சேரி, அதற்கடுத்தது திருநின்றவூர். ஒரு பக்கம் மாநகராட்சி, மறுபக்கம் நகராட்சி, நடுவில் கிராம ஊராட்சி. வண்டலூரில் புறப்படும் வெளிவட்டச் சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு மீஞ்சூருக்குப் போகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்கு ஓடுகிற தொழிலாளியும், களை பறிக்கப் போகிற விவசாயக் கூலியும் இந்த வட்டாரத்தில் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள்.

இந்த ஊர் இனிமேல் கிராமமா, நகரமா? நஞ்சை நஞ்சையாகவே இருக்குமா, மனைக்கட்டாக மாறுமா? இந்தக் கேள்விகளுக்கான பதில் எழும்பூரில் உள்ள சி.எம்.டி.ஏ. ஆபீசிலும் கோட்டையிலும் எழுதப்படுகிறது. நாற்று நடுகிறவளைக் கேட்டு எழுதப்படுவதில்லை. மிஷினில் நிற்கிறவனைக் கேட்டும் எழுதப்படுவதில்லை. இதுதான் இன்று நம் முன் நிற்கும் பிரச்னை.

நகரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குழாயில் குடிநீர், தெருவில் விளக்கு, சாக்கடைக்கு மூடி, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இவையெல்லாம் கிராமத்து ஏழைக்கும் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் பிறந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. இவை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அந்த அபிவிருத்தியை நாம் வரவேற்றோம். நாம் கேட்பது வேறு. அபிவிருத்தி என்ற பெயரில் எது எங்கே வரும் என்று தீர்மானிப்பவர் யார்? அதனால் லாபம் அடைவது யார்? கூலி இழப்பது யார்?

வெளிவட்டச் சாலையையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 62 கிலோமீட்டர். வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரையிலான முதல் பகுதி 2014-இல் திறக்கப்பட்டது. இதற்காக 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தார்கள். அதில் சாலைக்கும், பின்னால் வரக்கூடிய ரயில் பாதைக்கும் ஒதுக்கியது 72 மீட்டர். மீதி 50 மீட்டர் எதற்கு? ‘வளர்ச்சி’க்கு என்றார்கள். சாலைக்காக எடுத்த நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு சாலைக்கல்ல என்பதை உழவன் கவனிக்க வேண்டும். சாலை வந்ததும் இரு மருங்கிலும் நிலத்தின் விலை ஏறியது. வயலில் கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள், ‘நகர்’ என்று பெயர் வைத்தார்கள். விலை ஏற்றத்தின் லாபம் நிலம் வைத்திருந்தவருக்கும் தரகருக்கும் மனை வியாபாரிக்கும் போனது. அந்த வயலில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்தவருக்கு என்ன கிடைத்தது?

இங்கே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சர்க்கார் நிலத்தைக் கையகப்படுத்தினால், 2013-ஆம் வருஷத்து மத்தியச் சட்டப்படி, அந்த நிலத்தை நம்பி மூன்று வருஷமாகப் பிழைத்த கூலி விவசாயியும் குத்தகைதாரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற கணக்கில் வருகிறார்கள். சட்டம் எந்த அளவுக்கு அமலாகிறது என்பது வேறு விஷயம், பெயராவது இருக்கிறது. ஆனால் நிலச் சொந்தக்காரர் தாமே விற்று, வாங்கியவர் ‘விவசாய நிலம்’ என்றிருப்பதைக் ‘குடியிருப்பு’ என்று மாற்றிக்கொண்டால், கூலிக்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபம் கேட்டுப் பத்திரிகையில் ஒரு மூலையில் விளம்பரம் வருகிறது. சர்வே நம்பர், சப்-டிவிஷன் என்று நாலு வரி. வயலில் நிற்கிறவர் அதைப் பார்ப்பாரா? பார்த்தாலும், பல வருஷமாகத் தாம் நடவு நட்ட வயல் அதுதான் என்று அந்த நம்பரைக் கொண்டு கண்டுபிடிப்பாரா?

சென்னைப் பெருநகரின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. 2026 வரைக்கும் கணக்குப் போட்ட திட்டம் அது. 2022-இல் பெருநகரப் பகுதியையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விஸ்தரித்தார்கள். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்தை வகுக்கும் வேலையையும் தொடங்கினார்கள். இருபது வருஷத்துக்கு எந்த வயல் வயலாக இருக்கும், எந்த ஏரிக்கரையில் கட்டிடம் எழும்பும் என்பதை இந்த வரைபடத்தின் வர்ணங்கள் தீர்மானிக்கும். இதை மனை வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். நாமும் அறிந்துகொள்ள வேண்டும்.

இனி அடுத்த கோட்டைப் பார்ப்போம். 2025-ஆம் வருஷம் பிறந்த கையோடு, 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்கப்போவதாகத் தமிழக சர்க்கார் அறிவித்தது. ஆவடியை விஸ்தரித்துப் பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ப்பதும் சர்க்காரின் யோசனையில் இருந்தது. ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவே இருக்கிற நெமிலிச்சேரி இப்படிப்பட்ட விஸ்தரிப்புக்குத் தப்பி நிற்கும் என்று நினைக்க இடமில்லை.

அறிவிப்பு வந்ததும் மாநிலத்தின் பல ஜில்லாக்களில் ஜனங்கள், முக்கியமாகப் பெண்கள், கலெக்டர் ஆபீசுகளுக்கு மகஜர்களோடு போனார்கள். சாலை மறியல் செய்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் இரண்டு: வேலை போகும், வரி ஏறும்.

இது வீண் பயமல்ல. 100 நாள் வேலை 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்தது. 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் அதற்குப் பதிலாக 125 நாள் என்று சொல்லி வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. பழையதானாலும் புதியதானாலும் இரண்டும் கிராமப்புறத்துக்கு மட்டுமே. ஊர் மாநகராட்சியில் சேர்ந்தால் அந்த உரிமை போய்விடும். 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். 100 நாளும் வேலை கிடைத்தால் 33,600 ரூபாய். முழு நாளும் கொடுத்தார்களா, கூலியை நேரத்தில் கொடுத்தார்களா என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் வயல் வேலை சுருங்கிவிட்ட ஊரில், வயதான பெண்களுக்கு அந்தப் பணம்தான் ரேஷனுக்கும் மருந்துக்கும் கை கொடுத்தது.

வரியோ நேர் எதிர்த் திசையில் போகிறது. 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதமும் ஏற்றினார்கள். வேலை குறையும் அன்றே வரி கூடும் என்றால் அதை எப்படி அபிவிருத்தி என்பது?

“நகரத்தில் வேறு வேலை கிடைக்கும்” என்கிறார்கள். பட்டாபிராமில் 21 மாடியில் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் படித்து அதில் உட்கார வேண்டும் என்பதே நம் ஆசையும். ஆனால் ஐம்பது வயதில் வயல் வேலை இழந்த பெண்ணுக்கு அங்கே என்ன வேலை? கான்டிராக்டரிடம் பெருக்கும் வேலை கிடைத்தால் உண்டு. நகரத்து ஏழைக்கும் வேலை உறுதி கொடுக்க முடியாது என்பது பொய். கேரளத்தில் அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் 2010-இலேயே வந்தது. ராஜஸ்தானில் 2022-இல் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2022-இல் சோதனையாகத் தொடங்கினார்கள். சோதனை உரிமையாக வேண்டும்.

இவ்வளவு பெரிய மாற்றங்கள் நடக்கும்போது ஊர் சார்பில் பேச வேண்டியது யார்? ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம். அந்த மன்றம் எங்கே?

திருவள்ளூர் ஜில்லாவின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. நடத்தவில்லை. தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். ஊர்களை இணைக்கும் அறிவிப்பு வந்த அதே வாரத்தில், அதைத் தட்டிக் கேட்க வேண்டிய மன்றங்கள் மறைந்தன!

இது முதல் தடவையும் அல்ல. சென்னை மாநகராட்சியை 1973-இல் கலைத்தார்கள். 1996 வரை, 23 வருஷம், தேர்தல் இல்லை. பெருநகரத்தின் முதல் மாஸ்டர் பிளான் வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆவடி நகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019-இல் அதை மாநகராட்சியாக்கினார்கள். 48 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்! அதாவது, ஆவடி மாநகராட்சி ஆனபோது அதைப் பற்றிப் பேச ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஜனங்களின் வாய் அடைபட்டிருக்கும் நேரத்தில் கோடு போடுவது உத்தியோகஸ்தர்களுக்குச் சௌகரியம். மனை வியாபாரிக்கு அதைவிடச் சௌகரியம்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

உள்ளாட்சித் தேர்தலை வார்டு எல்லையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. உரிய காலத்தில் நடத்த வேண்டும்.

கிராம சபையின் சம்மதம் இல்லாமல் எந்த ஊராட்சியையும் நகரத்தோடு இணைக்கக் கூடாது. இதைச் சட்டமாக்க வேண்டும்.

ஊரை இணைத்தால், கிராமத்தில் இருந்த வேலை உரிமை ஒரு நாளும் குறையாமல் நகரத்திலும் தொடர வேண்டும். சிறு வீடுகளுக்கு வரியை ஏற்றக் கூடாது.

விவசாய நிலத்தை மாற்றும் ஒவ்வொரு மனுவையும் தமிழில், வயலின் அடையாளத்தோடு, ஊராட்சி ஆபீசிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு நஷ்டஈடும், குடியிருக்கும் ஏழைகளுக்கு மனைப் பட்டாவும் கொடுத்த பிறகே மாற்றத்தைப் பரிசீலிக்க வேண்டும்.

கோரிக்கை எழுதினால் மட்டும் போதாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. கூலி விவசாயிகள் கூட்டமாகப் போக வேண்டும். தீர்மானத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். ஆட்சேப மனு கொடுத்தால் முத்திரை வைத்த ரசீது வாங்குங்கள். ஓட்டர் லிஸ்டில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நகரத்தில் இருக்கும் தோழர்கள், 2022-இல் விதி வகுக்கப்பட்ட ஏரியா சபையைத் தங்கள் வார்டில் கூட்டச் சொல்லிக் கவுன்சிலரைக் கேளுங்கள்.

ஆலைத் தொழிலாளி தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நமக்கு ஏது நிலம், நமக்கென்ன’ என்று இருந்துவிடாதீர்கள். வயல் மனையானால் வாடகை ஏறும். அம்மாவின் கூலி போனால் அந்தச் சுமை உங்கள் சம்பளக் கவரில்தான் இறங்கும். எஸ்டேட் வாசலில் கூட்டம் போடத் தெரிந்தவர்கள் நீங்கள். மனு எழுதவும் சங்கம் நடத்தவும் தெரிந்தவர்கள். விடுமுறை நாளில் அந்த அனுபவத்தைக் கிராம சபைக்குக் கொண்டு வாருங்கள்.

வரைபடத்தில் கோடு போடுவதற்கு ஒரு பென்சில் போதும். அந்தக் கோட்டை நகர்த்துவதற்கு ஓர் ஊரே திரள வேண்டும். திரளுவோம்!