24 வருஷம் கழிச்சு வந்த 'மோர்': பல்ப் இசைக்குழு வாங்கியது பாராட்டா, பல்பா?

2025 ஜூன் 28, சனிக்கிழமை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா. பிரதான மேடையின் நிகழ்ச்சிப் பட்டியலில் 'பேட்ச்வொர்க்' என்று ஒரு பெயர். அப்படி ஒரு இசைக்குழுவை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் கூட்டம் குவிந்தது. வரப்போவது 'பல்ப்' என்று பலரும் முன்கூட்டியே யூகித்திருந்தார்கள். யூகம் பொய்க்கவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்னால், ஜூன் 6-ம் தேதி, அவர்களுடைய 'மோர்' ஆல்பம் வெளியாகியிருந்தது (நாம குடிக்கிற மோர் இல்லைங்க, 'இன்னும்' என்று அர்த்தம்). 2001-ல் வந்த 'வி லவ் லைஃப்' ஆல்பத்துக்குப் பிறகு இதுதான் முதல் ஆல்பம். நேராக பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதல் இடம். 1998-க்குப் பிறகு அந்த இடத்துக்கு அவர்கள் வருவது இதுதான் முதல்முறை. விமர்சகர்களும் தாராளமாகவே பாராட்டினார்கள்.

எல்லாம் சுபம்தானே, அப்புறம் என்ன கட்டுரை என்கிறீர்களா? கைத்தட்டல் ஆல்பத்துக்கா, திரும்பி வந்ததுக்கா என்பதுதான் கேள்வி.

யார் இவங்க?

1978-ல் ஷெஃபீல்டு என்ற தொழில் நகரத்தில், பள்ளியில் படிக்கும்போதே ஜார்விஸ் காக்கர் தொடங்கிய குழு இது. பெரிய வெற்றிக்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி ஏழையாக வாழ்ந்து பார்க்க ஆசைப்படுவதைக் கிண்டலும் கோபமுமாகச் சொன்ன 'காமன் பீப்பிள்', பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அதே வருஷம் கிளாஸ்டன்பரியில் பாட வேண்டிய 'ஸ்டோன் ரோசஸ்' குழுவின் கிட்டார் கலைஞருக்குக் காறை எலும்பு முறிந்துவிட, கடைசி நேரத்தில் அந்த இடத்துக்கு பல்ப் அழைக்கப்பட்டது. மாற்று ஆளாக வந்தவர்கள் நட்சத்திரமாகத் திரும்பினார்கள். அந்த வருஷ ஆல்பமான 'டிஃப்ரன்ட் கிளாஸ்' 1996-ல் மெர்க்குரி பரிசையும் வென்றது.

2002-க்குப் பிறகு ஒதுங்கினார்கள். 2011-ல் சேர்ந்தார்கள், மறுபடி அமைதியானார்கள். 2023-ல் திரும்பவும் மேடை ஏறினார்கள். அந்த வருஷம் மார்ச்சில் பாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மேக்கி இறந்துபோனார். 'மோர்' அவருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

கருணை மதிப்பெண்

ரொம்ப நாள் கழித்து வரும் ஆல்பத்துக்கு விமர்சகர்கள் எப்படி மார்க் போடுவார்கள்? ரெண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, எதிர்பார்ப்பு மலையளவு இருந்தால் கசக்கிப் பிழிவார்கள். மேலே சொன்ன ஸ்டோன் ரோசஸுக்கு நடந்தது அதுதான். 1989-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அடுத்தது வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. 1994 டிசம்பரில் 'செகண்ட் கமிங்' என்ற தலைப்போடு வந்தபோது, "இதுக்கா இத்தனை வருஷம்?" என்ற தொனியில்தான் வரவேற்பு இருந்தது. இரண்டு வருஷத்தில் குழுவே கலைந்தது. இன்னொன்று, எதிர்பார்ப்பே இல்லாத அளவுக்கு நாள் ஆகிவிட்டால், மோசமாக இல்லை என்பதே சந்தோஷமாகிவிடும்.

'மோர்' இரண்டாவது வகையில் கொஞ்சம் ஆதாயம் அடைந்தது என்பது என் கருத்து. தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டுடன் மூன்றே வாரத்தில் பதிவானது. அந்த வேகம் பாட்டில் தெரிகிறது, நல்லவிதமாகவே. ஆனால் 'காட் டு ஹேவ் லவ்' போன்ற பாடலின் கரு பல வருஷம் பழையது. பழைய வாசனை வந்தால் அது தற்செயல் இல்லை.

முதலிடத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். இப்படிப்பட்ட குழுக்களின் தீவிர ரசிகர்கள் வினைலையும் சிடியையும் முன்பதிவு செய்து வைப்பார்கள். அந்த விற்பனை மொத்தமும் முதல் வாரக் கணக்கில் விழும். அது விசுவாசத்தின் அளவு. புது ஆட்கள் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை அது சொல்லாது.

ரசிகர்கள் தரப்பிலும் எல்லாமே ஆரவாரம் இல்லை. 'ஸ்பைக் ஐலேண்ட்' பாடலின் வீடியோவுக்காக, 'டிஃப்ரன்ட் கிளாஸ்' காலத்துப் புகைப்படங்களை ஏஐ மூலம் அசைய வைத்தார் காக்கர். வேண்டுமென்றே கோணலாகச் செய்ததுதான், ஆனால் எல்லாருக்கும் அது ரசிக்கவில்லை. தன் இளமையின் படத்தை யாராவது இப்படி உருக்குலைத்தால் ரசிகருக்கு வலிக்காதா என்ன?

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். 'காமன் பீப்பிள்' வந்தபோது நான் பிறக்கவே இல்லை. நான் முதலில் கேட்டது 'மோர்', அதுக்கப்புறம்தான் பழைய ஆல்பங்கள். அதனால் "அந்தக் காலத்து பல்ப் மாதிரி இல்லையே" என்ற குறை எனக்கு வரவில்லை. வேறு ஒன்று பட்டது: அறுபதைத் தாண்டிய ஒருவர், வளர்ந்துவிட்டோமா இல்லையா என்று இன்னும் குழம்புகிறார். முப்பதை நெருங்கும் எங்க செட்டுக்கு அது அந்நியமான குழப்பம் இல்லை. ஸ்ட்ரீமிங் ஆப்பில் 1995-ம் 2025-ம் ஒரு தட்டல் தூரத்தில்தான் இருக்கின்றன. புது ஆல்பத்துக்கு நிஜமான போட்டி வேற குழு இல்லை, இவர்களுடைய பழைய ஆல்பமேதான்.

அதே கோடையில் 'ஒயாசிஸ்' குழுவும் 16 வருஷம் கழித்து மேடை ஏறியது. புது ஆல்பம் எதுவும் இல்லை, பழைய ஹிட்கள் மட்டும். அரங்கங்கள் நிரம்பி வழிந்தன. வணிகக் கணக்கில் அதுதான் புத்திசாலித்தனம். பழைய பாட்டை யாரும் விமர்சனம் செய்ய மாட்டார்கள். பல்பும் அப்படியே செய்திருக்கலாம். 11 புதுப் பாடல்களை எழுதி, மார்க் போடுங்கள் என்று நீட்டியது அவர்கள் எடுத்த ரிஸ்க். கருணை மதிப்பெண்ணைக் கழித்த பிறகும் என் கணக்கில் அவர்கள் பாஸ்தான்.

மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலிலும் 'மோர்' இடம்பிடித்தது. பரிசு சாம் ஃபெண்டரின் 'பீப்பிள் வாட்சிங்' ஆல்பத்துக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

கேட்டுப் பார்க்க நினைத்தால் முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 'பேக்ரவுண்ட் நாய்ஸ்' போடுங்கள். பழகிப்போன காதல் காதில் விழாமலே போவது பற்றிய பாட்டு. பிடிக்கவில்லை என்றால், 'காமன் பீப்பிள்' பக்கத்திலேயேதான் இருக்கிறது.