எலிக்கு விதி உண்டு, ஆய்வு மாணவருக்கு?

உயிர்மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ஓர் எலியைத் தொட வேண்டுமென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எத்தனை எலி, எதற்காக, வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதித் தர வேண்டும். நோயாளியிடம் 5 மில்லி ரத்தம் எடுக்க இன்னொரு குழு, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். சரி, ஐந்தாறு ஆண்டுகள் ஒரு மாணவரின் வாழ்க்கையையே கையில் வைத்திருக்கப் போகிற கைடுக்கு என்ன தகுதி? யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி, நிரந்தரப் பணியில் உள்ள உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டமும் 3 ஆய்வுக் கட்டுரைகளும் போதும். பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்றால் 5 கட்டுரைகள். மாணவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் அவருக்குக் கற்றுத் தருவதில்லை. தன் கைடு தன்னை எப்படி நடத்தினாரோ, அப்படியே அவரும் நடத்துகிறார்.

சாதிக் கொடுமை என்றதும் வெளியில் இருப்பவர்கள் வசவைத்தான் நினைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். யாருடைய ஆன்டிபாடி ஆர்டர் உடனே போகிறது, யாருடையது 'அடுத்த மாசம் பார்க்கலாம்' ஆகிறது. கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் யாருக்குப் பகல் நேரம், யாருக்கு நள்ளிரவு. ஞாயிற்றுக்கிழமை எலிக்கூண்டு பார்க்கப் போவது யார். கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. எதற்கும் எழுத்து ஆதாரம் இருக்காது. நான் வேலை பார்த்த கூடத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே 'நெட்ல என்ன ரேங்க்?' என்ற கேள்வி வந்துவிடும். ரேங்க்கைத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் அல்ல அது, எந்தப் பிரிவு என்று தெரிய வேண்டும். தமிழராக இருந்துவிட்டால் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்பதும் சேர்ந்துகொள்ளும்.

இதெல்லாம் என் கற்பனை என்பவர்கள் தில்லி எய்ம்ஸ் பற்றிய தோரட் குழு அறிக்கையைப் படிக்கலாம். 2007இல் வந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் அதில் சொன்னார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் நியாயமில்லை என்றவர்கள் 84 விழுக்காடு. ஆசிரியர் நேருக்கு நேர் அமர்ந்து மதிப்பிடும் இடம் இந்த இரண்டும்தான்.

சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமாருக்குக் கைடே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். 2013இல் அதே வளாகத்தில் மதாரி வெங்கடேஷ், அவருக்கும் நிரந்தர கைடு இல்லை. 2019இல் மும்பையில் மருத்துவர் பாயல் தத்வி. ரோஹித் வெமுலாவின் தாயும் பாயலின் தாயும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் வளாகச் சாதிப் பாகுபாடு குறித்த 2012ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளைப் பற்றியே பலர் கேள்விப்பட்டார்கள்.

அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிதி கறுப்பின ஆய்வாளர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. கல்வி, அனுபவம், வெளியீடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் 10 விழுக்காட்டுப் புள்ளி இடைவெளி. அதன் பிறகு அந்த நிறுவனமே நெறியாளர்களுக்கான தேசிய வலைப்பின்னல் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. இத்தகைய பயிற்சியை 16 நிறுவனங்களில் 283 நெறியாளர்-ஆய்வாளர் இணைகளிடம் சோதித்துப் பார்த்து, முடிவை 2014இல் வெளியிட்டார்கள். வெறும் 8 மணி நேரப் பயிற்சிதான். நெறியாளர்களின் திறன் கூடியது, நடத்தை மாறியதை ஆய்வாளர்களும் கவனித்தார்கள். (இப்போது டிரம்ப் அரசு இப்படிப்பட்ட திட்டங்களைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறது. ஆதிக்கத்துக்கு எது வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிகிறது.)

'பயிற்சி வைத்தால் சாதி போய்விடுமா தோழர்?' என்று கேட்பீர்கள். போகாது. அதுவும் அங்கிருக்கும் பாடத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் டீ, சமோசா, சான்றிதழோடு முடிந்துவிடும். அங்கே 'தன்னையறியாத சார்பு' என்று பேசுகிறார்கள். இங்கே ரேங்க் கேட்பவர் என்ன கேட்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே கேட்கிறார். ஆகவே நம் பயிற்சியில் சாதி என்ற சொல் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 'பன்முகத்தன்மை' என்று பூசி மெழுகினால் உணவு, மொழி, பண்டிகையோடு பேச்சு நின்றுவிடும்.

கூடவே அதிகாரத்தையும் தொட வேண்டும். பயிற்சி முடிக்காதவருக்குப் புதிய மாணவரை ஒதுக்கக் கூடாது. கட்டுரையில் பெயர் வரிசை, கருவி நேரம், விடுப்பு எல்லாம் சேரும்போதே எழுத்தில் வர வேண்டும். உதவித்தொகை ஒருவரின் கையெழுத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. முக்கியமாக, மாணவர் கைடை மாற்றிக்கொள்ள வழி வேண்டும், அதற்குப் பழைய கைடின் தடையில்லாச் சான்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றைத்தான் நிர்வாகங்கள் கடுமையாக எதிர்க்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நீங்கள் அரசு நிறுவனத்தில் ஆய்வு செய்கிறீர்கள் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கடந்த 10 ஆண்டுகளில் பிஎச்.டி.யைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பிரிவினர், எந்தெந்தத் துறையில் என்று கேளுங்கள். கைடு வாரியாகவும் கேளுங்கள். அந்தக் கணக்கே எங்களிடம் இல்லை என்று பதில் வந்தால், அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.