மண்புழு மேல் உப்பைத் தூவலாமா?

அம்பத்தூரில் விடிய விடிய மழை. ஆவடியிலும் மழை. பூந்தமல்லியிலும் மழை. ஐப்பசி, கார்த்திகையில் இது வழக்கம்தான்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் மண்புழு! சிமெண்டுத் தரையில் நெளிகின்றன. சுவர் ஓரமாக ஊர்கின்றன.

"ஐயோ, நாக்குப்பூச்சி!" என்று குழந்தைகள் அலறுகின்றன. பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் துடைப்பத்தை எடுக்கிறார். இன்னொருவர் உப்பை அள்ளி வந்து தூவுகிறார். புழு துடிதுடித்துச் சாகிறது.

இது தேவைதானா?

தோலால் மூச்சு

மண்புழுவுக்குக் கண் இல்லை. காது இல்லை. பல்லும் இல்லை. அது யாரையும் கடிக்காது. அது பாம்புக் குட்டியும் அல்ல.

அதற்கு நுரையீரல் கிடையாது. தோலால்தான் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் பிராண வாயு உள்ளே போகும். தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். உப்பு அந்த ஈரத்தைத்தான் உறிஞ்சி எடுக்கிறது.

வெளியே வருவது ஏன்?

மண்ணுக்குள் சின்னச் சின்னச் சந்துகள் உண்டு. அவற்றில் காற்று இருக்கிறது. பெருமழை பெய்தால் அங்கே தண்ணீர் புகுந்துவிடுகிறது. காற்று வெளியேறிவிடுகிறது.

தண்ணீரில் பிராண வாயு மிக மிக மெதுவாகப் பரவும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவு! இருக்கிற கொஞ்ச வாயுவையும் வேர்களும் கிருமிகளும் எடுத்துக்கொள்கின்றன. புழுவுக்கு மூச்சு முட்டுகிறது. மேலே வருகிறது.

"தண்ணீரில் மூழ்கிச் சாகப் பயந்து வருகிறது" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பிராண வாயு கலந்த நல்ல தண்ணீரில் பல வகை மண்புழுக்கள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குத் தண்ணீர் எமன் அல்ல. காற்றுக் குறைவுதான் எமன்.

எல்லா வகைப் புழுவும் வெளியே வருவதில்லை. தைவானில் இரண்டு வகைகளை ஆராய்ந்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பிராண வாயு அதிகம் தேவைப்படும் வகை மழைக்கு வெளியே வந்தது. குறைவாகத் தேவைப்படும் வகை உள்ளேயே இருந்துகொண்டது.

இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. தரை நனைந்திருந்தால், தோல் காயாமல் வெகு தூரம் போகலாம். புது இடம் தேடலாம். புழுவுக்கு மழை நாளே பிரயாண நாள்!

திரும்ப வழி எங்கே?

வெளியே வருவதில் தவறில்லை. திரும்பிப் போக மண் வேண்டுமே!

அம்பத்தூர், ஆவடிப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. மேலே வந்த புழு பக்கத்து மண்ணில் புகுந்துவிடும். இன்று வாசல் சிமெண்டு. தெரு கான்கிரீட். ஓரத்தில் கல் பதித்தாயிற்று. வெயில் ஏறியதும் புழு சுருண்டு சாகிறது.

"புழுதானே, போகட்டும்" என்று சொல்லலாம். ஆனால் புழுவுக்கு அடைத்த வழி, மழைத் தண்ணீருக்கும் அடைத்த வழி. புழு குடைந்த துளை வழியாகத்தான் தண்ணீர் மண்ணுக்குள் எளிதாக இறங்குகிறது.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடியில் குழாய் வைத்துவிட்டு, வாசலைச் சிமெண்டால் மூடினால் என்ன பயன்? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் தவித்தது. வெள்ளத்துக்கு வாசல் சிமெண்டு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மார்கழியில் விரட்டிய தண்ணீரைச் சித்திரையில் லாரிக்காரரிடம் காசு கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனமா?

டார்வின் கண்ட உண்மை

மண்புழு சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தின் பல இடங்களில், ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று டார்வின் 1881-ல் எழுதினார். 1891-ல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்திலும் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பு புகழப்படுகிறது. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் இஸ்மாயில், நம் ஊர்ப் புழுக்களை ஆராய்ந்து, அவற்றைக் கொண்டு மண்ணை வளமாக்கலாம் என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

என்ன செய்யலாம்?

"மண்ணாக விட்டால் சகதியாகுமே, வண்டியை எங்கே நிறுத்துவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடக்கவும் வண்டி நிறுத்தவும் சிமெண்டு போடட்டும். சுவர் ஓரமாக 2 அடி மண்ணை விட்டுவைக்கட்டும். அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தால், சமையலுக்கும் ஆகும்.

சிமெண்டில் தவிக்கும் புழுவை ஒரு இலையால் எடுத்து, அந்த மண்ணில் போடுங்கள். குழந்தைகளையே செய்யச் சொல்லுங்கள். பயம் போய்விடும். இதற்குக் காலணா செலவு இல்லை. உப்பும் மிச்சம்!