ஈ.பி.எப். காசு யாருக்கு வருகிறது?

"ஈ.பி.எப். வந்ததும் கட்டிவிடலாம்." இந்தப் பேச்சைக் கேட்காத லயம் மலையகத்தில் இல்லை. வட்டிக்குக் காசு வாங்கும்போது இதைத்தான் சொல்கிறோம். மகளின் சடங்குக்கு நகையை அடகு வைக்கும்போதும், மகன் எடுக்கும் முச்சக்கர வண்டியின் லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போடும்போதும் இதைத்தான் சொல்கிறோம். நாற்பத்தைந்து வயதில் சொல்லத் தொடங்கி, பேர் வெட்டுகிற நாள்வரை சொல்லிக்கொண்டே போகிறோம். காசு வருகிற அன்று வாசலில் நிற்பவர் வட்டிக்காரர். முப்பது வருடம் மலையேறி இறங்கிய அம்மா, பேர் வெட்டி மூன்று மாதத்தில் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். முன்பு அவருக்கு ஈ.பி.எப். இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இதைப் பற்றித்தான் இந்த மாதம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், அது யாருடைய காசு என்பதைப் பார்ப்போம். துரை தருகிற பரிசும் அல்ல, அரசாங்கம் போடுகிற பிச்சையும் அல்ல. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். ஒரு நாள் பேருக்கு நம்முடைய சம்பளத்திலிருந்து 8 வீதம், அதாவது 108 ரூபாய் ஈ.பி.எப்.புக்குப் போகிறது. தோட்டம் 12 வீதம், 162 ரூபாய் போட வேண்டும். ஈ.ரி.எப்.புக்குத் தோட்டம் மட்டும் 3 வீதம், 40 ரூபாய் 50 சதம். ஒவ்வொரு நாளும் நாம் மலையில் நிற்பதால் சேர்கிற காசு 310 ரூபாய் 50 சதம். இதற்கு மேல் சேவைக்காலப் பணம் இருக்கிறது. சட்டத்தில் அதன் பெயர் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருடம் என்றால் 420 நாள். 1,350 ரூபாய்ப்படி 567,000 ரூபாய்.

ஐந்து லட்சத்து அறுபத்தேழாயிரம். நம் வாழ்க்கையில் ஒரே தடவையில் இவ்வளவு காசை நாம் வேறெப்போதும் பார்ப்பதில்லை. வட்டிக்காரருக்கும் இது தெரியும். ஐம்பது வயது தாண்டிய அம்மாவுக்கு அவர் அவ்வளவு அன்பாகக் கடன் கொடுப்பது அதனால்தான்.

இன்னொரு கணக்கு. நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்குகிறோம். மாத வட்டி 5,000. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு, அசலை ஈ.பி.எப். வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து வருடம் இருக்கிறோம். கட்டிய வட்டி 300,000 ரூபாய். அசல் அதே 50,000. வட்டிக்காக மட்டும் 222 நாள் பேர் போட்டிருக்கிறோம். அட்டைக்கடியும் மழையும் குளவிப் பயமும் நமக்கு, காசு அவருக்கு.

அதே கடனுக்கு முதல் மாதத்திலிருந்தே 5,000க்குப் பதிலாக 7,000 கட்டினால் என்ன ஆகும்? பதின்மூன்று மாதம் 7,000 கட்டி, பதினான்காவது மாதம் 1,050 ரூபாய் கட்டினால் கடன் முடிந்தது. மொத்த வட்டி 42,050 ரூபாய். மாதம் 2,000 ரூபாய், ஒன்றரை நாள் சம்பளம், இரண்டரை லட்சத்துக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. நம்பாதவர்கள் வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒரு பழைய கொப்பியைக் கொடுத்து மாதம் மாதமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டிக் கணக்கை நாங்கள் பாடசாலையில் கற்றுக்கொடுக்கிறோம். புத்தகத்தில் இருக்கிற உதாரணங்களில் வட்டி வருடத்துக்கு எட்டு வீதம், பத்து வீதம். லயத்தில் வட்டி மாதத்துக்குப் பத்து என்று தெரிந்தால் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

மாதத்துக்குப் பத்து என்றால் வருடத்துக்கு 120 வீதம். ஈ.பி.எப். நிதியத்தில் நம் காசுக்கு 2022இல் கிடைத்த வட்டி 9 வீதம், 2023இல் 13 வீதம். 2023இல் அங்கே 13 வந்தது, இங்கே 120 போகிறது. இப்படியிருக்க ஓய்வு காலத்துக்கென்று தனியாகச் சீட்டுப் போட்டுச் சேமிக்கிறோம் என்று சொல்வதில் பொருள் இல்லை. கடன் உள்ள வீட்டில் கடனை முடிப்பதுதான் முதல் சேமிப்பு.

இங்கே ஒரு பாகப் பெரியவர்கள் தொண்டையைக் கனைப்பார்கள். "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், தோட்டத்து ஆட்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்பார்கள். பயிற்சிப் பட்டறைக்கு வந்து தேநீரும் பிஸ்கட்டும் தந்து குடும்ப வரவுசெலவு படிப்பிக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். மாவும் பருப்பும் கருவாடும் வாங்கி, பிள்ளைக்குக் கொப்பி வாங்கி, மின்சாரக் கட்டணம் கட்டி, மிச்சத்தில் மாதத்தை ஓட்டுகிற பெண்ணைவிடச் சிக்கனம் தெரிந்தவர் இந்த நாட்டில் யாரும் இல்லை. கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப்பேர் போட்டு அனுப்புகிறார்கள். அந்த மாதத்தில் அவர் எதைச் சுருக்குவது? நாட்டை ஆண்டவர்களின் சிக்கனத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி, ஈ.பி.எப். நிதியம் வைத்திருந்த பிணைமுறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். அவர்கள் பட்ட கடனை நம்முடைய ஓய்வுக் காசும் சுமக்கிறது. ஆகவே கடன் பற்றிய உபதேசம் அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டாம்.

நம்முடைய கடன் நம்முடைய குணத்தால் வந்ததல்ல. நம் முப்பாட்டன்மார் மண்டபம் கடந்து கப்பலேறும்போதே கங்காணியின் கணக்கில் கடன்காரர்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத் துரை கொடுக்கும் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டில் கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். புதிய இடத்தில் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுப்பார்கள். கடன் தீராது, கைதான் மாறும். ஆளும் கடனோடு சேர்ந்து கைமாறுவார். துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் போய்விட்டது. இன்று நம்மவரின் வங்கிப் புத்தகமும் ஏ.ரீ.எம். அட்டையும், அதன் இரகசிய இலக்கமும், வட்டிக்காரரின் மேசை லாச்சியில் கிடக்கின்றன. இது வேறென்ன? அட்டையைப் பிடித்துவைக்க எந்த மனிதருக்கும் உரிமை இல்லை. கடனுக்கு எழுத்து இருக்கட்டும், அட்டை நம் கையில் இருக்க வேண்டும். தராவிட்டால் வங்கிக்குப் போய் அட்டையை இரத்துச் செய்து புதிதாக எடுக்கலாம். பயமாக இருந்தால் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நுண்கடன் கம்பனிகளின் கதை இன்னும் மோசம். பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு ஒருவர் பிணை வைத்து, வாராவாரம் வசூல். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்பது, அதற்குக் கட்ட மூன்றாவது. 2018இல் நுண்கடன் வட்டிக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போட வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, ஹிங்குராக்கொடையில் பெண்கள் வீதியோரம் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அவர்கள் சிங்களக் கிராமத்து அக்காமார். அவர்கள் கேட்டது நம் அக்காமார் கேட்க வேண்டியதும்தான்.

தொழிற்சங்க மேடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முற்பணத்தைக் கூட்டி வாங்கிக் கொடுத்தோம் என்று மாலை போட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கிறோம். முற்பணம் சம்பள உயர்வு அல்ல. அது நாம் இனிமேல் உழைக்கப்போகிற காசு. ஐப்பசியில் வாங்கினால் அடுத்த ஐப்பசிவரை சம்பளச் சீட்டில் கழிவு. அதை வெற்றி என்று கொண்டாடுகிற சங்கம், சம்பளம் கேட்க வேண்டிய இடத்தில் கடன் கேட்கிறது. முற்பணத்தை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, வட்டியில்லாத கடன் அது ஒன்றுதான். வாங்கினால் அதில் முதலில் வட்டிக்கடனைக் குறையுங்கள், பிறகு துணி எடுங்கள்.

சரி, எங்கே சுருக்குவது? உலையில் கைவைக்காதீர்கள். பிள்ளையின் முட்டையையும் கருவுற்ற பெண்ணின் பாலையும் குறைத்துக் கடன் கட்டுவது சிக்கனம் அல்ல. மண்டபத்தில் கைவையுங்கள். சடங்குக்கு மண்டபம், வீடியோ, வீதி முழுக்கப் பதாகை, ஒரே நாளில் லட்சக்கணக்கில். "மொய் வரும்" என்பார்கள். மொய்யும் கடன்தான், கொப்பியில் எழுதித்தானே வைக்கிறார்கள். ஒரு லயத்தில் நாலு குடும்பம் சேர்ந்து, இனிச் சடங்கை வாசலில் சமைத்து வாசலிலேயே நடத்துவோம் என்று முடிவெடுத்தால் யாருக்கும் அவமானம் இல்லை. ஒரு குடும்பம் மட்டும் செய்தால்தான் பேச்சு வரும். அதனால் இதை மாதர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும். ஆண்களுக்கு: பத்தாந் தேதி மாலையில் டவுனில் இறங்குகிறீர்களே, மேலே கேட்ட அந்த 2,000 ரூபாய் அங்கேதான் இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பிணைக் கையெழுத்து விடயத்தில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கும்போது யாருக்கும் பிணை போடாதீர்கள். சொந்த மகனுக்கும்தான். கொழும்பில் வேலை செய்கிற மகனுக்கு மாதா மாதம் சம்பளம் வரும், தவணை தவறினாலும் இன்னொரு வேலை தேடலாம். அம்மாவுக்கு அடுத்த முப்பது வருடம் இல்லை. "அம்மா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்று பிள்ளை கேட்டால், "சங்கத்தில போடக்கூடாதுனு சொல்லிட்டாங்கப்பா" என்று பழியை எங்கள்மேல் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கடனைவிடக் கொஞ்சம் சலிப்பான விடயம், ஆனால் கடனை உண்டாக்குகிற விடயம். பெயர். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, செக்ரோலில் மாரியம்மாள், ஈ.பி.எப். பதிவில் அப்பா பெயர் வேறு. எழுதினவர் சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முப்பது வருடம் யாரும் கவனிப்பதில்லை. பேர் வெட்டிய பிறகுதான் தொழில் அலுவலகத்தில் "இந்த ஆளும் அந்த ஆளும் ஒன்றா?" என்று கேட்பார்கள். பிறகு கிராம சேவகர், சமாதான நீதவான், சத்தியக் கடதாசி, பஸ் செலவு, மாதக்கணக்கில் அலைச்சல். அந்த மாதங்களில் சம்பளமும் இல்லை, ஈ.பி.எப்.பும் இல்லை. வட்டிக்காரர் மட்டும் இருக்கிறார். கடைசிக் கடன் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் ஏறுகிறது. வேலையில் இருக்கும்போதே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, இதைத் திருத்திவிட்டால் அந்தக் கடன் பிறக்காது.

தோட்ட நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம். பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிந்தினால் காலத்துக்கு ஏற்ப 10 வீதத்திலிருந்து 30 வீதம்வரை மேலதிகமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதும் சட்டம். "தோட்டத்தில் காசு இல்லை, அடுத்த மாதம் பாருங்கள்" என்று சொல்லி வயதானவரை ஒஃபிஸ் படியில் உட்காரவைக்கிற ஒவ்வொரு மாதமும் அவரை வட்டிக்காரரிடம் தள்ளுகிறீர்கள். அரசுக்குச் சொந்தமான தோட்டங்களில் வருடக்கணக்கில் ஈ.பி.எப்., பணிக்கொடை நிலுவை கிடப்பது ஊரறிந்த விடயம். நாட்சம்பளத்துக்குள் சிக்கனமாக வாழச் சொல்கிறவர்கள், வெட்டிய 8 வீதத்தையாவது உரிய இடத்தில் கட்டியிருக்க வேண்டும். இனி 30 நாள் கடந்த ஒவ்வொரு கோவையையும் சங்கம் எழுத்தில் தொழில் ஆணையாளரிடம் கொண்டுபோகும். மேலதிகத்தொகையையும் கேட்போம்.

கடனைப் பகுதி பகுதியாக வாங்க மாட்டேன், அசல் மொத்தமாக வேண்டும் என்று சில வட்டிக்காரர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கடன் முடிந்தால் அவருக்கு வருமானம் முடிந்துவிடும், வேறு காரணம் இல்லை. அப்படிச் சொன்னால் தனியாகப் போகாதீர்கள். தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் கூட வருவார்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எழுத்து வாங்குங்கள். அப்போதும் வாங்காவிட்டால் மாதம் 2,000 ரூபாயை வங்கியில் தனியாகப் போட்டு வாருங்கள். அசலின் அளவு சேர்ந்த அன்று மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலை 9 மணியிலிருந்து சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் இருப்போம். 45 வயது கடந்தவர்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். இலக்கம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்து வாருங்கள். பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே பார்த்து, திருத்த வேண்டியதற்கு அன்றே கடிதம் எழுதிவிடுவோம். கடன் உள்ளவர்கள் யாரிடம் எவ்வளவு என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாருங்கள். அதை எங்களைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். கொழுந்து அதிகமாகி ஞாயிறும் வேலை போட்டுவிட்டால், மாலையில் லயத்துக்கே வருகிறோம்.